மூன்று பேருக்கு ஒரு மெஷின்

ரயில் போகும்போதெல்லாம் திரையில் எழுத்துகள் நடுங்கும். கீழே பேக்கரியில் மீன் அடைத்த மாலு பாண் வேகும் மணம் படியேறி வந்து, வாசலில் கழற்றிப்போட்ட பதினெட்டுச் சோடி சப்பாத்துகளின் வாடையோடு கலந்து, எங்களுக்கு முன்னாலேயே ஏசி அறைக்குள் போய்விடும். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் "கிளாசு"க்குப் பதினைந்து வயதில் போனேன். யுத்த காலம். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு மெஷின்கள்தான்.

"ஒராள் அடிக்கிறது, ஒராள் சொல்லுறது, ஒராள் பிழை பார்க்கிறது. மணி அடிச்சா ஆள் மாறவேணும்" என்பார் எங்களுக்குப் படிப்பித்த சேர். அவருடைய மேசை மணிக்கூடு பத்து நிமிடத்துக்கொரு தடவை அலறும். அந்தச் சனியனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அப்போதுதான் கை ஓடத் தொடங்கியிருக்கும். அதற்குள் கதிரையை விட்டு எழும்ப வேண்டும். நான் எழும்பமாட்டேன். "ஒன்ட வாப்பாட மெஷினா இது?" என்று நஸ்ரின் தோளில் இடிப்பாள்.

நஸ்ரின் எங்கள் ஒழுங்கைப் புடைவைக் கடைக்காரரின் மகள். வாயும் இங்கிலீசும் ஒரே வேகத்தில் ஓடும். மற்றவள் சுமதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தாயோடு ஒரு லொட்ஜ் அறையில் தங்கி, லண்டனில் இருந்த தகப்பனிடம் போகக் காத்திருந்தாள். இடம்பெயர்ந்தபோது அவளுடைய பள்ளிக்கூடக் காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. "அங்க பள்ளிக்கூடத்தில காட்ட என்னட்ட ஒண்டுமில்லை. இந்தச் சேட்டிபிக்கட் ஒண்டாவது வேணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதற்கு சேர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மூவரும் சேர்ந்து ஒரு சிறு புத்தகம் செய்து அச்செடுத்துக் கொடுத்தால் மூவருக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை.

எங்கள் புத்தகம் மலேரியா பரப்பும் நுளம்பைப் பற்றியது. நஸ்ரின் எழுத, நான் அடிக்க, சுமதி மவுசைப் பிடித்து ஒரு நுளம்பு வரைந்தாள். மூன்று கிழமையாக வரைந்தாள்! ஐந்தாவது காலுக்கு வரும்போது ரயில் வரும், மேசை ஆடும், கோடு கோணும், அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், நான் தனியே செய்திருந்தால் அது நாலு பக்கத்தைத் தாண்டியிராது. மலேரியாவில் கிடந்து எழும்பியவள் சுமதி, "குளிர் எப்படி வரும்?" என்று நான் கேட்க, "முதல் பல்லிலதான் வரும்" என்று அவள் சொல்ல, நஸ்ரின் அதை இங்கிலீசில் எழுத, அப்படித்தான் பன்னிரண்டு பக்கம் சேர்ந்தது.

என் வீட்டிலோ வேறு பாடம். "கொப்பியைக் கையால மறைச்சு எழுது. உன்ர மாக்ஸ் உனக்கு" என்று அம்மா ஓதாத நாளில்லை. ரியூசன் வகுப்புகளில் இடது கையை வேலியாக வைத்து எழுதி வளர்ந்த கூட்டம் நாங்கள். புத்தகம் கொடுக்க வேண்டிய சனிக்கிழமைக்கு முதல் நாள், கடைசித் திருத்தம் பார்க்க நான் மட்டும் போனேன். நான் எழுதிய முன்னுரையை நஸ்ரின் பாதியாக வெட்டியிருந்தாள். தலை வெடித்தது. வெட்டியதையெல்லாம் திரும்ப அடித்து, இனி ஒருத்தியும் கைவைக்கக் கூடாதென்று ஃபைலை ஒரு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினேன். நாளைக்கு நான்தானே முதலில் போகப்போகிறேன் என்ற நினைப்பு.

சனி விடிய எங்கள் மாடிவீட்டுத் தொடரில் "செக்கிங்". ஆமியும் பொலிசும் வீடு வீடாக ஏறினார்கள். எவரும் வெளியே இறங்கக் கூடாது. சேர் பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார். சுமதிக்குத் திங்கட்கிழமை பிளைட். பொலிஸ் பதிவுக் கடதாசியை வைத்துக்கொண்டு ஓர் ஆமிக்காரன் எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்தேன். கிளாசிலிருந்து நஸ்ரின்.

"வாசுகி, பாஸ்வேர்ட் கேக்குது. என்ன வெச்சிரிக்கிற?"

"பாஸ்வேர்டா?" என்று என் வாய் உளறிவிட்டது.

என்ன பாஸ்வேர்ட் என்று ஆமிக்காரன் தலையை நிமிர்த்தினான். "மொகக்த பாஸ்வேர்ட்?"

"இஸ்கோலே வெட, மாத்தயா, இஸ்கோலே வெட" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பள்ளிக்கூட வேலை, பள்ளிக்கூட வேலை என்று கெஞ்சிக்கொண்டே அம்மா போனை அமத்தித் துண்டித்தார். அவன் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஆமி வந்தது, என்ன செய்வது என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். பொய். பதினொரு மணிக்கெல்லாம் அவர்கள் எங்கள் மாடியை விட்டு இறங்கிவிட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டாரோடு கதைக்கப் போய்விட்டார். போன் என் முன்னால் இருந்தது. முழுதாக ஒரு மணித்தியாலம் இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால், ஏன் பூட்டினேன் என்பதும் வெளியே வந்துவிடும். எடுக்கவில்லை. பன்னிரண்டு அடித்தது.

அடுத்த தவணையில் நானும் நஸ்ரினும் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு சேட்டிபிக்கட் எடுத்தோம். சுமதி வெறுங்கையோடுதான் போனாள்.

இப்போது அந்தப் பேக்கரியும் இல்லை, மேல்மாடியும் இல்லை. அந்த இடத்தில் பத்து மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. ரயில் மட்டும் ஓடுகிறது. என் மகள் நுகேகொடையில் எங்கள் வீட்டிலிருந்தபடி, கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும் இருக்கும் சிநேகிதிகளோடு கம்ப்யூட்டரில் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதுகிறாள். ஒருத்தி எழுதியதை மற்றவள் வெட்டுகிறாள், சிரித்துக்கொண்டே வெட்டுகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவள்மீதல்ல.

அந்தச் சனிக்கு அடுத்த நாள், ஞாயிறு மாலை லொட்ஜுக்குப் போனபோது, சூட்கேசை மூடிக்கொண்டே சுமதி என்னைத்தான் ஆறுதல்படுத்தினாள். "நீ என்ன செய்வாய், பாவம். நாங்களும் விடேல்ல, எல்லாம் அடிச்சுப் பாத்தம். நுளம்பு எண்டு அடிச்சம், சேற்ற பேர் அடிச்சம். கடைசியா எங்கட மூண்டு பேற்ற பேரையும் சேர்த்து அடிச்சம். அதாத்தான் இருக்குமெண்டு நினைச்சன்."

நான் வைத்திருந்தது என் பெயரை மட்டும்.