மூன்று தட்டு

தரையிலும் தண்ணீரிலும் ஓடும் ஜீப் ஒன்று, தங்கவயலில் ஸ்கெலட்டன் என்னும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் நின்றது. நான்கு ஞாயிறு வேலை ஒழுங்காக நடந்தது. ஐந்தாவது ஞாயிறு நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. அன்று அந்த ஜீப்பைச் சுற்றி நின்றவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். இனி என்னைக் கோபித்துக்கொள்ள யாருமில்லை என்பதால் வந்த தைரியம் இது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஜீப்பின் சொந்தக்காரர் பூதிகோட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு ராணுவம் வேண்டாமென்று கழித்த சாமான்களை ஏலம் விட்டபோது மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்திருந்தார். இரும்புப் படகு ஒன்றுக்கு நான்கு சக்கரம் வைத்தாற்போல் இருக்கும். பின்னால் அடியில், தண்ணீரைத் தள்ளுவதற்கு ஒரு விசிறி. அவருடைய நிலத்தை ஒட்டிய ஏரியில் மூழ்கிக் கிடந்த மரங்களை இதைக்கொண்டு இழுத்துவிடலாம் என்பது அவர் திட்டம். முதல் நாளே ஜீப் ஏரிச் சேற்றில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அதன் முகப்பில் கயிறு சுற்றும் சின்ன உருளை ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது முன்னால்தான் இழுக்கும், அதாவது இன்னும் ஆழமான சேற்றுக்குள். கடைசியில் ஆறு ஜோடி மாடுகளைப் பூட்டிப் பின்பக்கமாக வெளியே இழுத்தார்கள். ஊரே கரையில் நின்று சிரித்தது.

அதனால் பின்பக்கமும் அப்படி ஒரு உருளை, அதாவது வின்ச், வேண்டும் என்று முடிவு செய்தார். உடைந்த ராணுவ லாரி ஒன்றின் வின்ச் அதே ஏலத்தில் கிடைத்திருந்தது. பொருத்துவதற்குத்தான் ஆள் இல்லை. இரும்புக் கயிறும் உருளையும் என்றால் அந்த வட்டாரத்தில் தங்கவயல் ஆட்களைத்தான் தேடி வருவார்கள். அவர் என் மாமாவைத் தேடி வந்தார்.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஜீப்பின் பின்புறத் தகட்டை விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தே அவர் சொல்லிவிட்டார், இதில் நேராக போல்ட்டை முடுக்கினால் முதல் இழுப்பிலேயே தகடு கிழிந்து வின்ச்சோடு வந்துவிடும் என்று. உள்பக்கம் கனமான இரும்புப் பலகை ஒன்றை வைத்து, அதை அடிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். துளைகளை எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே போட்டார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பழைய டயர் ட்யூபிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர் வைத்து, மேலே பெயிண்டைக் குழைத்து அப்பினார். விசிறியைச் சுழற்றும் தண்டிலிருந்து ஒரு செயின் இழுத்து வின்ச்சுக்குக் கொடுத்தார். அதை ஓட்டவும் நிறுத்தவும் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு லீவர்.

பண்ணைக்காரர் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"ஏமய்யா, இத்தன ஓட்ட போட்டா தண்ணில முழுகிடாதா?"

"கவலப்படாதீங்க ஐயா," என்றார் மாமா. "ஜீப் முழுகினாலும் வின்ச் முழுகாது. கயிறு கரையில மரத்தோட கட்டி இருக்கும் இல்ல, அத புடிச்சினு நீங்க ஏறி வந்துடுங்க."

லீவரைப் பிடிக்க என் அப்பாவைத் தவிர வேறு யாரையும் மாமா நம்பவில்லை. அப்பா ஷாஃப்டில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியில், வைண்டிங் டிரைவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு பாதாளத்துக்குப் போய்வரும் கேஜை இயக்கும் பெரிய எஞ்சின் அவர் கையில் இருந்தது. அந்த எஞ்சின் அறையிலிருந்து பார்த்தால் கேஜ் தெரியாது. மணி மட்டும்தான் கேட்கும். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஏற்று. எதற்கு, யாருக்கு என்று டிரைவர் கேட்பதில்லை. மணி கேட்டதும் கை வேலை செய்யும். யோசிக்கிற டிரைவர் ஆளைக் கொன்றுவிடுவான் என்பார்கள்.

எங்கள் லைனில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். சாப்பிடக் கூப்பிட அம்மாக்கள் தட்டில் மூன்று தட்டு தட்டுவார்கள். வீடு ஏறி வா என்று அர்த்தம். நாங்கள் விளையாடுவதே கேஜ் விளையாட்டுதான். ஒருவன் டிரைவர், ஒருவன் மணி அடிப்பவன், மற்றவர்கள் ஷிப்டுக்குப் போகிறவர்கள். அந்த விளையாட்டிலும் ஒரு சட்டம் உண்டு. மணி அடித்தவன் அடித்தேன் என்று சொல்லியாக வேண்டும். எதைப் பற்றிப் பொய் சொன்னாலும் மன்னித்துவிடுவோம், மணியைப் பற்றிச் சொன்னவனை ஒரு வாரம் சேர்த்துக்கொள்ள மாட்டோம். பெரியவர்கள் உலகத்தில் அது இன்னும் கடுமையானது. மணியைப் பற்றிப் பொய் சொல்லும் மனிதன் ஒருவன் இருக்கக்கூடும் என்பதே அப்பாவின் நினைப்பில் இல்லை.

அப்பா அதிகம் பேசாதவர். அம்மா சொன்னாலும் நான் சொன்னாலும் அவர் காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது. ஒரு பம்பரத்துக்கு நான் ஒரு மாதம் கெஞ்சியிருக்கிறேன். பதிலே கிடையாது. ஆனால் மணி சொன்னால் உடனே கேட்பார். இதை ஒன்பது வயதில் நான் நன்றாகக் கவனித்து வைத்திருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு. கோவிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பியதும் அப்பாவும் மாமாவும் அழுக்குச் சட்டைக்கு மாறினார்கள்.

"கர்த்தரோட நாள்ல இரும்ப தட்டினு கெடந்தா வெளங்குமா?" என்றாள் அம்மா.

"ஷாஃப்டுல ஞாயித்துக்கெழமயும்தான் தண்ணி எறைக்கிறான். அவன் யார்கிட்ட பாவமன்னிப்பு கேக்குறான்?" என்றார் மாமா. "சோத்த ஆக்கி வையி. ஒரு மணி நேரத்துல துன்ன வந்துடுவோம்."

லைன் கோடியில் நின்ற புளியமரத்தில் கயிற்றின் நுனியைக் கட்டினார்கள். ஜீப் தன்னைத்தானே பின்பக்கமாக அந்த மேட்டில் இழுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்பா முன்னால் பார்த்தபடி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். மாமா அவர் முதுகுக்குப் பின்னால், உருளைக்குப் பக்கத்தில். புதுக் கயிறு முதல் முறை சுற்றும்போது வரிவரியாகப் படிய வேண்டும், ஏறுக்குமாறாக விழுந்தால் பிறகு தன்னையே நசுக்கிக்கொள்ளும். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது.

"நம்ம மணிதான் மாப்ள," என்று மாமா இரும்பு உடம்பைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணு நிறுத்து, ரெண்டு வுடு, மூணு இழு."

"சரி மச்சான்," என்றார் அப்பா.

என்னைத் தூரப் போகச் சொன்னார்கள். நான் சுற்றிக்கொண்டு வீட்டுச் சுவர்ப் பக்கமாக வந்து, டிரைவர் இருக்கைக்குக் கீழே, தரையில் ஜீப்பை ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். கையில் மாமாவின் சின்ன ஸ்பேனர் ஒன்று இருந்தது. பண்ணைக்காரரும் லைன் ஆட்களும் அந்தப் பக்கம், புளியமரத்தடியில் இருந்தார்கள்.

மூன்று தட்டு விழுந்தது. ஜீப் முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்து மேட்டில் பாதி ஏறியது. நானும் உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். பிறகு ஒரு தட்டு. நின்றது. கயிற்றின் ஒரு சுற்று பிசகி விழுந்திருக்க வேண்டும். மாமா அதைச் சரியான இடத்துக்குக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாததுதான் என் குற்றத்துக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். நிறுத்து என்று சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். நிறுத்து என்றால் அங்கே ஒரு மனிதன் ஏதோ செய்கிறான் என்று லைனில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

அப்பாவை ஒரே ஒரு முறை நான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

ஸ்பேனரால் மூன்று முறை தட்டினேன்.

அவர் கை அசைந்ததைப் பார்த்தேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என் பேச்சை அப்பா கேட்டுவிட்டார் என்று எனக்குள் பொங்கிய சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது. மாமாவின் அலறலைவிட அதுதான் தெளிவாக நினைவிருக்கிறது. எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

எல்லோரும் ஓடி வந்தபோது ஸ்பேனரைச் சாக்கடையில் போட்டுவிட்டு நானும் ஓடி வந்தவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

மாமாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் அப்பாவைத் திட்டவில்லை. "போனது போச்சு, வுடு மாப்ள," என்றார். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் ஒண்ணுதான் தட்டினேன். அப்பறம் தட்டவே இல்ல."

"மூணு கேட்டுது மச்சான்."

"யாரு தட்டுவாங்க சொல்லு? அங்க இன்னா பேயா கீது?"

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கேட்டுது," என்றார்.

பண்ணைக்காரருக்கோ மரத்தடியில் நின்ற மற்றவர்களுக்கோ எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்கவில்லை. அடிக்காத மணி வைண்டிங் டிரைவருக்குக் கேட்டிருக்கிறது என்று லைனில் பேச்சு பரவியது. கேஜுக்காக வரிசையில் நிற்பவர்கள், இன்று எஞ்சினில் யார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். யாரும் அப்பாவை முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. மேலிடத்திலிருந்தும் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவரே போனார். என் காதை இனி நம்பக் கூடாது, என்னை எஞ்சினிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் அறையில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்குத் தண்டனை என்று அம்மா உறுதியாக நம்பினாள். எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. குடும்ப ஜெபத்தில் அவளோடு சேர்ந்து உரக்க ஆமென் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துப் பண்ணைக்காரர் ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்தார். வின்ச் பிரமாதமாக வேலை செய்கிறதாம். ஜீப் சேற்றில் எத்தனை முறை சிக்கினாலும் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறதாம். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. நல்ல கை, நல்ல கை," என்று மாமாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடியே சொன்னார். பாவம், வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கடலையை அம்மா வறுக்கவில்லை. மூட்டையோடு கோவிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு அப்பா, யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போகமாட்டார். எங்களைப் பார்ப்பார். "தட்டினாங்களா?" என்பார். தட்டினார்கள் என்று நாங்கள் யாராவது சொன்ன பிறகுதான் எழுவார். கோவில் மணி அடிக்கும்போதும் அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார். "அடிக்குது, அடிக்குது," என்பாள் அம்மா. முதலில் எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தவள், பிறகு அப்படிச் சொல்வதையே விட்டுவிட்டுத் தலையை மட்டும் அசைப்பாள். நான் படித்து, கல்லூரியில் இயற்பியல் ஆசிரியனாகி, இரும்பு வழியாக ஒலி எப்படிப் பாய்கிறது என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். கதவைத் தட்டுவேன். உள்ளே அவர், "தட்டினாங்களா?" என்று கேட்பது வெளியே கேட்கும். சொல்லாமலே திரும்பிப் போவேன். அப்படியே அவர் இறந்தும் போனார்.

அவர் எழுதிக் கொடுக்கப் போனதற்கு முந்தைய சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் லைன் முனையில் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து, என் எதிரே குந்தி உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சவரம் செய்யாமல் இருந்தார்.

"நீயும் அங்கதான இருந்த," என்றார். "மூணு தட்டு, உனக்குக் கேட்டுதாடா?"

அவர் கண்டுபிடித்துவிட்டார், இது என்னைப் பிடிக்கப் போடும் தூண்டில் என்று நினைத்தேன்.

"இல்லப்பா. ஒண்ணுமே கேக்கல."

"நல்லா யோசிச்சு சொல்லு. லேசாவாவது?"

"இல்லப்பா."

அவர் கோலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, என் தலையைத் தடவி, "சரி, வெளையாடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தன் காது கெட்டுப்போகவில்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவனாவது இருப்பானா என்று கேட்டுத்தான் அவர் என் முன்னால் குந்தியிருந்தார். அது எனக்கு விளங்கவில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை என்பது மட்டும்தான் விளங்கியது. விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தேன். அன்று நான்தான் ஜெயித்தேன்.