மாம்பழ வாசம்

பாலிக் புலாவ் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையோடு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். தூங்கிப் பல நாளான கண்கள். பள்ளி மாணவிகள் அவரைக் கடக்கும்போதெல்லாம் லேசாகச் சாய்ந்து மோந்து பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“ஏன்க்கா அப்படிப் பண்றீங்க?”

“என் மக ரூம்ல எப்பவும் மாம்பழ வாசம் வரும். புது சென்ட்டுன்னு நெனச்சேன். நல்லாருக்கு, எனக்கும் ஒன்னு வாங்கிக் குடுடின்னு கேட்டேன். சிரிச்சா. அது வேப்புலா, பேட்டரியில இழுக்கிற சிகரெட்டு. இப்ப ஆஸ்பத்திரியில டியூப் வெச்சுத்தான் மூச்சு விடுறா. பதினஞ்சு வயசு.”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் மகளைக் கட்டிக்கொண்டேன். சோப்பு வாசம்தான் வந்தது. அது எங்கள் வீட்டுச் சோப்புதானா என்று பார்க்கக் குளியலறைக்குப் போனேன்.