கொழுந்தனின் கேமராவும் ஊசியக்காவும்

ஊசியக்கா ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். ஊசி போடுவதில் லேசான கை. சுருக்கென்று குத்துவதெல்லாம் வாய்தான். சுத்தம் என்று வந்துவிட்டால் யார் எவர் என்று பார்க்கமாட்டாள். "நம்ம வீட்டுக்குள்ள காய்கறிகூட கால் கழுவிட்டுதான் வரணும்" என்று அவள் கணவர் சொல்வார், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

வெளியூரிலிருக்கும் கொழுந்தன் ஒருநாள் போனில் கூப்பிட்டான். "அண்ணி, பரண்ல என் பழைய ஃபிலிம் கேமரா இருக்கும். வர்ற வாரம் வந்து எடுத்துக்கிறேன்."

அன்று மாலையே ஸ்டூல் போட்டு ஏறி, கேமரா இருந்த பெட்டியை இறக்கினாள். கேமராவை இழுத்தால் உறையும் கூடவே வந்தது. மல்லுக்கட்டிப் பிரித்தபோது, கேமராவின் பிடியும் முதுகும் வெயிலில் இளகிய மிட்டாய் மாதிரி பிசுபிசுவென்று கையில் ஒட்டின.

"என்னங்க! இது மேல எதைக் கொட்டினீங்க?"

"நான் அந்தப் பக்கமே போகலம்மா."

"போகாமலா இப்படி இருக்கு? தேன் பாட்டிலத் தொட்ட கையோட தொட்டிருப்பீங்க."

அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள், பிசுக்கு நகரவில்லை, துணியின் நூல்தான் ஒட்டிக்கொண்டது. காயட்டும் என்று செய்தித்தாள் மேல் வைத்தாள். காலையில் தாளைப் பிய்த்தபோது, கேமராவின் முதுகில் ஒரு தலைப்புச் செய்தி இடவலம் மாறிப் பதிந்திருந்தது. கணவர் அதைக் கண்ணாடி முன் பிடித்துப் படித்துவிட்டு, "குடை எடுத்துட்டுப் போ, மழை வருமாம்" என்றார். அவள் முறைத்த முறைப்பில் குளிக்கப் போய்விட்டார். பிறகு பவுடர் தூவிப் பார்த்தாள். கேமரா மாவு மில்லில் விழுந்து எழுந்தது போல ஆனதுதான் மிச்சம்.

கடைசியில்தான் தன் தொழில் ஞாபகம் வந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, லென்ஸ் பக்கம் போகாமல் ஒரு மூலையில் தேய்த்தாள். பஞ்சு கன்னங்கரேல் என்று வந்தது. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பொறுத்துக்கோ" என்று பழக்க தோஷத்தில் கேமராவிடம் சொல்லிக்கொண்டே அடுத்த பஞ்சை எடுத்தாள். தேய்க்கத் தேய்க்க விஷயம் புரிந்தது: யாரும் எதையும் கொட்டவில்லை, மேலே பூசியிருந்த ரப்பரே வயதாகி இளகியிருக்கிறது. கணவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் கிளினிக்கில் ஊசிக்கு வந்த மளிகைக்கடைக்காரர் ரப்பர் கறுப்பு ஏறியிருந்த அவள் நகங்களைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏம்மா, முதல்ல கையக் கழுவிட்டு வாங்களேன்." அவளைப் பார்த்து, அதுவும் அத்தனை நோயாளிகள் முன்னால்!

கொழுந்தன் வந்தான். பளபளவென்று மின்னிய கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"அண்ணி... இது என்னுது இல்ல. என்னுது மங்கலா, மெத்துமெத்துன்னு இருக்கும். எங்கயாவது மாறிப்போச்சா?"

ஊசியக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நேரே போய் அந்த உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். "உள்ள கைய விடுங்க தம்பி."

விட்டான். கை திரும்பி வரவில்லை. இழுத்தான், உதறினான். அண்ணன் உறையைப் பிடித்துக்கொள்ள, தம்பி பின்னால் சாய்ந்து இழுக்க, கை கரிய விரல்களோடு 'சளக்'கென்று விடுபட்டது.

"என்னுதுதான்" என்றான் பரிதாபமாக.

ஸ்பிரிட் பஞ்சால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். சுத்தமான கையைப் பார்த்ததும் அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பையைத் திறந்து பாலித்தீனில் சுற்றிய பைனாகுலர் ஒன்றை எடுத்தான். பாலித்தீன் பிரிய மறுத்தது.

"அண்ணி, இதுக்கும் அதே வியாதிதான் போல..."

ஊசியக்கா ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சுக் கட்டையும் அவன் முன்னால் 'டொக்'கென்று வைத்தாள்.

"உக்காருங்க தம்பி. அண்ணனும் கூட உக்காருவாரு."

அண்ணன் அதற்குள் வாசல் வரை போயிருந்தார்.