காயாத கரிசல்

சென்னை ஓவியக் கேலரிக்காரர்கள் படம் பார்க்கிற விதமே தனி. நேராக நின்று பார்க்க மாட்டார்கள். ஒரு கண்ணைச் சுருக்கி, பின்னால் நகர்ந்து, கழுத்து சுளுக்கியவன் மாதிரி தலையைச் சாய்த்து நிற்பார்கள். அப்புறம் "ம்ம்" என்பார்கள். அந்த "ம்ம்"முக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று நம்பி நானும் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

நானும் படம் விற்கிறவன்தான். சங்கரன்கோவிலில் பிரேம் கடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு கண்ணாடி வெட்ட வந்தவன். சாமி படம், கல்யாணப் போட்டோ, செத்தவர்கள் போட்டோ, இவைதான் சோறு போடுகின்றன. அது போக, கடையின் ஒரு பக்கச் சுவரில் கையால் வரைந்த ஓவியங்களை மாட்டி வைத்திருக்கிறேன். புது வீடு கட்டினவர்கள் வாங்குவார்கள். ஒருத்தர் சோபா தலையணை உறையைக் கழற்றி எடுத்து வந்து, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் ஒத்து வரவில்லை என்று உறையை மடித்துக்கொண்டு போய்விட்டார். கலை ரசனை என்றால் எங்கள் ஊரில் இதுதான்.

எனக்குக் கவலை ஒரு வியாதி. சுவரில் ஓதம் ஏறுமோ, பல்லி படத்தில் எச்சம் இடுமோ, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் எவனாவது கண்ணாடி மேல் சாய்வானோ என்று ஓயாமல் பயம். அதனாலேயே என் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. "நீங்க பயந்ததெல்லாம் நடந்திருந்தா இந்த ஊரே இருந்திருக்காது" என்பாள் வீட்டுக்காரி.

என் சுவரில் பாதிப் படங்கள் ஒரே ஓவியருடையவை. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஓர் ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை ஓவியர். குருவிகுளத்துக்குப் பக்கத்தில் அவர் அப்பாவுக்கு மானாவாரி நிலம் இருந்தது. விதைத்துவிட்டு, மழை வராமல், வெடித்துக் கிடந்த அந்தக் கரிசலைத்தான் இரண்டு கோடையாக வரைந்துகொண்டிருந்தார். எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் அப்பி அப்பி.

"இது ஒண்ணு சரியா வந்துட்டுன்னா போதும் அண்ணாச்சி. மத்ததெல்லாம் சோபாவுக்கு" என்பார்.

இந்த நேரத்தில்தான் சென்னை கேலரிக்காரர் ஒருவர் எங்கள் ஊருக்குச் சாமி கும்பிட வந்தார். லினன் சட்டை, காலில் தோல் செருப்பு. என் சுவரைப் பார்த்து "ம்ம்" என்றார்.

"யார் இந்தப் பையன்?"

"பையனோட மக காலேஜ்ல படிக்கா சார்" என்றேன்.

"தாடி உண்டா?"

"ஆபீசுக்குப் போறவரு. தினமும் சவரம் பண்ணுவாரு."

முகம் சுளித்தார். "கிளார்க்னு வெளிய சொல்ல வேண்டாம். விவசாயின்னு போட்டுக்கலாம். தாடி வளர்க்கச் சொல்லுங்க." மாப்பிள்ளை பார்க்க வந்தவர் கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்.

ஓவியர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அப்போதுதான் முடித்திருந்த கரிசல் படத்தைப் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்றார். ஓவியரும் சம்மதித்தார், நாலு பேர் பார்க்கட்டுமே என்று. நான்தான் குறுக்கே விழுந்தேன். "மேலதான் ஆடை படிஞ்சிருக்கு, உள்ள பெயிண்ட் காயாம பச்சையா இருக்கு. ரெண்டு மூணு மாசம் போகட்டும்."

"கண்காட்சி ஓப்பனிங் தேதி போட்டாச்சு சார்."

ஓவியரே சிரித்தார். "அண்ணாச்சி எதுக்குத்தான் பயப்படல. போகட்டும்."

கேலரிக்காரரின் ஆள் குமிழி குமிழியாகக் காற்று அடைத்த பிளாஸ்டிக் தாளைப் படத்தின் முகத்தில் இறுக்கிச் சுற்றினான். பிள்ளைகள் டப்டப்பென்று அமுக்கி உடைக்குமே, அந்தத் தாள். வேனில் ஏற்றி, வெயிலில் சென்னைக்குக் கொண்டு போனார்கள்.

கண்காட்சி திறந்த மறுநாள் ஓவியர் கடைக்கு வந்தார். செல்போனை நீட்டினார். கேலரிச் சுவரில் தொங்குகிற கரிசல் படத்தின் போட்டோ, அவர்கள் அனுப்பியது. நிலம் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வட்டம்.

"எங்கப்பா நிலத்துக்கு அம்மை போட்டிருக்கு, பாத்தியளா" என்றார்.

கேலரிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பிரமாதம் சார்! எல்லாரும் அந்த டெக்ஸ்சரைத்தான் கேக்கறாங்க. 'மண்ணின் நினைவில் மழைத்துளி'ன்னு தலைப்பு மாத்திட்டோம்."

"சார், அது உங்க பார்சல் தடம்லா?"

"அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அதே மாதிரி இன்னும் ஆறு வேணும், கேட்டுச் சொல்லுங்க."

ஓவியரின் கவலை வேறு. "உள்ள ஈரம் இருக்கும்போதே கைக்கு வந்தா வழிச்சிட்டுத் திரும்பப் போட்டுருவேன். காஞ்சிட்டுன்னா போச்சு. ரெண்டு கோடை அண்ணாச்சி. இன்னொரு தடவ என்னால முடியாது."

படம் காய்வதற்குள் அதை மீட்க வேண்டும். இருவரும் ரயில் ஏறினோம். எனக்கு வேறு ஒரு பயம். கேலரிக்காரர் தர மாட்டார் என்பதுகூட இல்லை. புகழ்ந்தால் கரையாத ஓவியனை நான் இதுவரை பார்த்ததில்லை. நாலு பேர் ஆகா என்றால் இவரும் அந்த வட்டத்தைத் தானே வரைந்ததாகச் சொல்லிவிடுவாரோ?

கேலரியில் ஏசி குளிரில் பல் கிட்டியது. படத்தின் முன்னால் கைத்தறிச் சேலை கட்டிய அம்மா ஒருவர் தலையைச் சாய்த்து நின்றார். கேலரிக்காரர் எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி விழித்தார். வாங்குகிறவர் கண்ணில் ஓவியரைக் காட்டக்கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம். வேறு வழியில்லாமல், "இவர்தான் அந்த விவசாயி" என்றார். ஓவியர் அன்று காலையிலும் சவரம் பண்ணியிருந்தார்.

"மழையை எப்படி இவ்வளவு உணர்ந்தீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா, கண் கலங்கி.

ஓவியர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழை பெய்யலம்மா" என்றார். "அதான் படமே."

சொல்லிவிட்டு, ஒரு வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து இழுத்தார். வண்ணம் கூடவே வந்தது. "இது பார்சல் சுத்துன பிளாஸ்டிக்கு. இன்னும் காயல."

"கூச்ச சுபாவம், ஜோக் அடிக்கறார்" என்றார் கேலரிக்காரர்.

"அந்த விரல் தடம்கூட என்ன உயிர்ப்பு!" என்றார் அந்த அம்மா.

இவர்களிடம் என்னத்தைச் சொல்ல? ஓவியர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கேலரிக்காரர் பாய்ந்து வந்து, படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டைக் காட்டினார். விற்றுப்போனது என்று அர்த்தமாம்.

"யாரு சார் வாங்குனது? கூப்பிடுங்க, நாங்களே பேசிக்கிடுதோம்" என்றேன் நான்.

அவர் ஏசியைப் பார்த்தார். நானும்தான் விலை போகாத படத்தில் 'விற்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டுகிறவன். எனக்குத் தெரியாதா அந்தப் பொட்டு? அந்த அம்மாவுக்கும் புரிந்துவிட்டது போல. கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"இனிமே எந்த கேலரியும் உங்களைத் தொடாது" என்றார் கேலரிக்காரர்.

"தொடாம இருந்தாச் சரி" என்றார் ஓவியர்.

ரயிலில் படத்தை எங்கள் இருவர் முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, எவன் தோளும் உரசாமல் கொண்டு வந்தோம். டீக்காரன் வரும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஓவியர் ஆபீசுக்கு லீவு போட்டு, வழித்துவிட்டு, திரும்பப் போட்டார். நிலம் பழையபடி வெடித்துக் கிடக்கிறது. கீழ் மூலையில் ஒரே ஒரு வட்டத்தை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை. அது முந்திக் காய்ந்துவிட்டது.

பிறகு கேலரிக்காரர் ஒரு தடவை போன் பண்ணினார், அந்த ஆறு படம் என்னாச்சு என்று. "மழை பெய்ய வச்சது உங்க பிளாஸ்டிக்குதான் சார். அதையே மாட்டி வித்துருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

படம் இப்போது என் கடைச் சுவரில். விற்பதற்கு இல்லை. ஆனால் வருகிறவன் எல்லாம் அத்தனை பெரிய நிலத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வட்டத்தைத்தான் பார்க்கிறான், தலையைச் சாய்த்து. "இது என்னது அண்ணாச்சி, நல்லாருக்கே?" என்று கேட்கிறான். அதனால் அந்த மூலையை மறைத்து ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து டீக்குப் போகவும் பயமாக இருக்கிறது.