மூன்று வரிச் செய்தி

என் மனைவி வானொலியில் இருபத்திரண்டு வருடமாகச் செய்தி எழுதுகிறாள். அரசாங்கப் பணத்தில் நடக்கிற நிலையம், ஆனால் அரசாங்கத்துக்கு வாலாட்டக் கூடாது என்று சட்டம். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'யார் சொன்னா'. எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாளாம். பார்க்காததை 'இன்னார் கூறினார்' என்று எழுத வேண்டும். நிலையத்து ஆள் ஒருவர் கண்ணால் பார்த்திருந்தால், எவன் முறைத்தாலும் அப்படியே எழுத வேண்டும். வீட்டிலும் இந்தச் சட்டம்தான். பக்கத்து வீட்டுக்காரன் குடித்துவிட்டு விழுந்தான் என்றால், "விழுந்ததப் பாத்தீங்க, சரி. குடிச்சதப் பாத்தீங்களா?" என்பாள். இவளிடம் ஊர்வம்பு பேசி என்ன சுகம்? நான் பஸ் பட்டறையில் மெக்கானிக். எஞ்சினிடம் பேசினால் அதுவாவது கொஞ்சம் புகை விடும்.

குடிநீர் வாரியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவள் தம்பி அங்கே ஃபிட்டர். பன்னிரண்டாம் நாள், அவள் வேலைக்குப் போன பஸ் வாரிய வாசலில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. இறங்கி எதிரே ஜெராக்ஸ் கடைப் படியில் நின்றாள். தம்பி குனிந்து கல் எடுத்து எறிவதைப் பார்த்தாள். அது ஒரு போலீஸ்காரரின் தலைக்கவசத்தில் பட்டது. உடனே சுட்டார்கள். எச்சரிக்கை கிடையாது, வானத்தைப் பார்த்தும் சுடவில்லை, நேராகக் கூட்டத்துக்குள். பம்பு ஆபரேட்டர் ஒருவருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் காலை எடுத்தே விட்டார்கள்.

அவள் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு அறிக்கை வந்திருந்தது. கலவரக் கும்பல் கல்மழை பொழிந்தது, எச்சரித்துவிட்டு வானத்தை நோக்கிச் சுட்டோம் என்றது போலீஸ். ஒரு கல்கூட விழவில்லை என்றது தொழிற்சங்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'கூறினார்' போட்டிருந்தால் வேலை முடிந்தது. நடுநிலை என்று பேரும் கிடைத்திருக்கும், தம்பியும் தப்பியிருப்பான்.

இவள் நேரே செய்தி ஆசிரியரிடம் போனாள். "சார், நான் பாத்தேன். கல்ல எறிஞ்சது என் தம்பி. வேற யாராவது எழுதட்டும்."

அவர் இரண்டு அறிக்கையையும் ஓரமாகத் தள்ளி வைத்தாராம். "பாத்தது நீங்க ஒருத்தர்தான். எழுதுங்க. பேர் வேண்டாம். நான் படிச்சுட்டு கையெழுத்துப் போடுறேன்."

அன்று மாலை ஆறரைக்கு அது வந்தது. 'தொழிலாளர் ஒருவர் எறிந்த கல் காவலர் ஒருவரின் தலைக்கவசத்தில் பட்டது. உடனே, எச்சரிக்கை எதுவும் விடுக்காமல், காவலர்கள் கூட்டத்துக்குள் சுட்டனர். இதை எங்கள் செய்திப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் நேரில் பார்த்தார்.' 'கலவரம்' இல்லை, 'கும்பல்' இல்லை, 'அராஜகம்' இல்லை. அமைச்சகத்திலிருந்து போன் வந்தது. ஜெராக்ஸ் கடைப் படியில் அவளைப் பார்த்திருந்த சங்கத்துக்காரர்கள் நிலையத்து வாசலில் அவள் பேரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். தம்பி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "அந்த முதல் வரிய விட்டிருந்தா என்ன குடியா முழுகிப் போயிருக்கும்? அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க. யார்னு தெரிஞ்சா வேல போயிடும்டி."

"முதல் வரிய விட்டா ரெண்டாவது வரிய யாரு நம்புவா?" என்றாள். "கால் போனவருக்கு அந்த ரெண்டாவது வரிதாங்க இருக்கு."

தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனேன். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான்கு மாதம் கழித்துத் துப்பாக்கிச்சூட்டை விசாரிக்க ஆணையம் உட்கார்ந்தது; அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பழைய நகராட்சி மண்டபம், ஓடாத மின்விசிறி, மடக்கு நாற்காலிகள். கடைசி வரிசையில் மைத்துனன், அவனிலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி நான். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. போலீஸ் வக்கீல் அவளைப் பொய்க்காரி என்றார். சங்கத்து வக்கீலும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். ஒருவருக்கு இரண்டாவது வரி வேண்டாம், மற்றவருக்கு முதல் வரி வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் நீதிபதியே கேட்டார். "ஒரு தொழிலாளின்னு எழுதியிருக்கீங்க. அவர் யார்னு தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க மற்றவர்களை 'யார், யார்' என்று குடைந்தவள் அங்கே வார்த்தை வராமல் நின்றாள். இந்தப் பாழாய்ப்போன மனிதர் இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

என் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சென்றது.

"நான்தாங்க எறிஞ்சேன்," என்றான் மைத்துனன். "எங்கக்கா எழுதினது எல்லாமே நெசம். கல்லும் நெசம், போலீஸ்காரங்க சொல்லாமக் கொள்ளாம சுட்டதும் நெசம். அக்காவ விட்டுருங்க."

சங்கத்துக்காரர்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் உட்காரவில்லை. அன்று மதியமே வாரியத்திலிருந்து பணிநீக்கக் கடிதம் அவன் வீட்டுக்குப் போய்விட்டது.

மாலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. ஆறரைக்கு வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். அன்றைக்கு வேறு யாரோ எழுதியிருந்தார்கள். 'கல் எறிந்ததாகத் தொழிலாளர் ஒருவர் ஆணையத்தில் ஒப்புக்கொண்டார்.'

"ஒப்புக்கொண்டாராமா?" என்றாள் அவள். "யாருங்க அவன மடக்கிக் கேட்டா? அவனா எழுந்து சொன்னான். 'கூறினார்'னுதான போடணும்? பிடிபட்ட திருடன் மாதிரி…" முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு செய்திக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"போன் போட்டு மாத்தச் சொல்லு. உன் ஆபீஸ்தான?"

"நான் அவன் அக்கா," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் சொல்லக் கூடாது."

போன் அவள் பக்கத்தில்தான் இருந்தது. தொடவில்லை. நான் எடுத்து நிலையத்து எண்ணைச் சுற்றினேன். என்னைத் தடுக்கவும் இல்லை.

"செய்திப் பிரிவு. யாரு பேசுறது?"

"நேயர்," என்றேன்.