பாலத்தின் மேல் ஒரு டின் தண்ணீர்

சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகிவிட்டது என்று வானொலியில் கேட்டபோது நான் மலாக்காவில், காஜா பேராங் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கொடியும் இல்லை, பிரதமரும் இல்லை. தங்கை வீட்டுக் குழாய்தான். அவள் அங்கே வாழ்க்கைப்பட்டவள். எங்களுக்கு அம்மா இல்லாததால் பிரசவமும் அங்கேயே நடந்தது. குழந்தைக்குப் பதினோரு நாள். அந்தத் தீவுக்குத் தண்ணீரில் பெரும்பங்கு எங்கள் பக்கத்து ஜொகூர் ஆறுகளிலிருந்து குழாய் வழியாகப் போகிறது என்பது, நானே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் தலையணைக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிற ரகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்பா கேலி செய்வார். ஆனால் அந்த வாரம் நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மறுநாள் காலை கோப்பிக் கடையைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும்போது உள்ளே ஒருவர் சொல்வது காதில் விழுந்தது.

"சண்ட எதுக்கு லா? பைப்ப மூடுனா போதும். ரெண்டு நாள்ல ஓடி வந்துருவானுங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மனிதர்கள் அப்படியெல்லாம் செய்வார்களா என்று கேட்கலாம். செய்வார்கள். நானே செய்திருக்கிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு மழை பொய்த்து எங்கள் தெருக் குழாய் காற்றை மட்டும் விட்டது. பக்கத்து வீட்டுச் செட்டிக் குடும்பத்து அம்மா தன் கிணற்றை ஐந்து வீட்டுக்கும் திறந்துவிட்டார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன தமிழர்கள் அவர்கள்; கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். வீட்டுக்குக் காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. தன் வீட்டுக்கும் அதே கணக்குதான். கிணறு உங்களுடையதாயிற்றே, நீங்கள் ஏன் அளந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கிணறு என் நிலத்தில் இருக்கிறது, ஊற்று யார் யார் நிலத்துக்கு அடியில் ஓடி வருகிறதோ யாருக்குத் தெரியும் என்று மலாயில் சொன்னார்.

ஒரு நாள் உச்சிவெயிலில் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் மூன்றாவது வாளியை இறைத்தேன். வீட்டில் அன்றைக்குத் தண்ணீர் இருந்தது. நாளைக்கு இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அன்று மாலை ஐந்தாவது வீட்டுக்காரியின் வாளியில் சேறு வந்தது. அந்த அம்மா யாரையும் கேட்கவில்லை, தன் பங்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். நானும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிற வாத்தியாரம்மா நான். நானே அப்படி என்றால் மந்திரிகள் எம்மாத்திரம்? அவர்களும் என்னைப் போலப் பயந்துவிடுவார்களோ என்றுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது.

சனிக்கிழமை, தங்கை வீட்டுக்குக் கொண்டுபோக, ஒரு எண்ணெய் டின்னைச் சாம்பல் போட்டு மூன்று முறை கழுவினேன். செட்டி வீட்டு அம்மா கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி அதில் நிரப்பித் தந்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறியாம்மா? அங்க கொழாய்ல தண்ணி வருது."

"இன்னிக்கு வருதுப்பா."

மறுநாள் விடியுமுன் அவரே பேருந்து நிலையம் வரை டின்னைத் தூக்கி வந்தார்.

சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர்ப் பாலத்தில் சுங்க அதிகாரி டின்னைத் தட்டிப் பார்த்து, சம்சுச் சாராயமா என்று மலாயில் கேட்டார். தண்ணீர் என்றேன். நம்பவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தார், விரலை விட்டு நாக்கில் வைத்தார். அழுகையை அடக்க முடியாமல் தங்கை, குழந்தை, குழாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவம், நல்ல மனிதர். பாலத்தின் ஓரமாக ஓடிய தடித்த குழாய்களைக் காட்டினார். இங்கிருந்து போவது ஆற்றுத் தண்ணீர், அங்கே சுத்தம் செய்து அதில் ஒரு பங்கு இந்தப் பக்கமே திரும்பி வருகிறது, என் வீட்டிலும் அதைத்தான் குடிக்கிறோம், அடைத்தால் என் நான்கு பிள்ளைகளுக்கும் இருக்காது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குப் பயப்பட இன்னும் நான்கு பிள்ளைகள் சேர்ந்ததுதான் மிச்சம்.

தங்கை மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. கதவைத் திறந்த தங்கையைத் தாண்டி உள்ளே கால் வைக்க இடமில்லை. சோற்றுப் பானை, குண்டான், வாளி, பூச்சாடி, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, எல்லாவற்றிலும் தண்ணீர். குழாய் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அவள் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. செய்தி வந்த நாளிலிருந்து குளிக்கவில்லையாம். குழந்தையையும் ஈரத் துணியால் துடைப்பதோடு சரியாம்.

என்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் டின்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நெசந்தானாக்கா? ஒங்க நாட்டுல மூடப் போறாங்களா?"

ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். உங்க நாடு என்கிறாள்.

"யாரும் மூடல. நான் சும்மா கொண்டாந்தேன்."

"சும்மா யாராச்சும் மலாக்காலேர்ந்து தண்ணி சொமந்துட்டு வருவாங்களா?"

சுங்க அதிகாரி சொன்னதைச் சொன்னேன், சத்தியம் செய்தேன், குழாயை முழுக்கத் திறந்து காட்டினேன். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து அவள் ஓடிவந்து மூடினாள். நான் கொண்டுபோன டின்னைக் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளி, முன்னால் இரண்டு பானையை வைத்து மறைத்தாள். மாலையில் நான் கிளம்பும்வரை கெஞ்சிப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்ட அவள் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தரவில்லை.