வாசலில் ஒரு சோதனை இருக்கை

எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பதினாறு வருடமாக அதே வேலை, அதே சின்ன வெள்ளைக் கார், பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். வண்டியை நடைபாதையில் ஏற்றினால்கூட அவர் குரல் உயராது. "கிளட்ச்ச மெதுவா விடுங்க, எங்கயும் தீப்பிடிக்கல" என்பார், அவ்வளவுதான். ஆள் பெரிய ஆள். அவர் ஏறி உட்கார்ந்தால் கார் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த காரிலேயே ஓட்டப் பழகியவர்களுக்கு, தேர்வன்று ஒல்லியான அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால் வண்டி மிதப்பதுபோல் இருக்கிறதாம். இது நான் கட்டிவிட்ட கதை. இப்போது அவருடைய முதலாளியே இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவருக்கு "பீரோ" என்ற பெயரும் என் உபயம்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவின் கல்யாணத்தில் குடும்பமாகப் படம் எடுத்தபோது, பின்வரிசையை மறைக்கிறார் என்று போட்டோகிராபர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். "பீரோவ நகர்த்தணும்னா நாலு ஆள் வேணுமே" என்றேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் அவர்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே தனியாகக் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான், என் வாயும் அங்கேதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தீம் பார்க் போகலாம் என்று இந்த அக்டோபரில் முதலில் கிளப்பியது வக்கீல். அக்காவின் மகள், ஒன்பது வயது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று குறுக்கு விசாரணை செய்வதால் அந்தப் பெயர். அவளுக்கு வேண்டியது அங்கே புதிதாக வந்திருக்கும் ரோலர் கோஸ்டர். ஆனால் நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்று விதி. வக்கீல் நூற்று முப்பத்தொன்று. அக்காவுக்கு லிப்டில் போனாலே கிறுகிறுக்கும். நான் சாப்பிட்டுக்கொண்டே, "என்னைய விட்ருங்க, எனக்கு உசுரு வெல்லக்கட்டி" என்றேன்.

"நான் வர்றேன்டா. இதென்ன பெரிய விஷயம்" என்றார் அத்தான்.

அவ்வளவுதான், அக்கா திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குகிற வேலையில் இருக்கிறாள். வேர் சிகிச்சைக்கு நாற்பது நிமிடம், பல் பிடுங்க இருபது என்று ஒதுக்கிப் பழகிய கை. அதே கணக்கில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் நேரம் குறித்தாள். ரோலர் கோஸ்டருக்கு வரிசையில் நிற்க எழுபது நிமிடம், ஏறி இறங்க மூன்று நிமிடம், அழுகைக்குப் பத்து நிமிடம். யாருடைய அழுகை என்று எழுதவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் அத்தான் பின்வாங்க ஆரம்பித்தார்.

"லீவு நாள்ல ரொம்பக் கூட்டமா இருக்கும்டா."

"கூட்டம் இல்லாத தீம் பார்க் எங்கப்பா இருக்கு?"

"மழை வரும்போல."

"தண்ணி சறுக்குல எப்படியும் நனையத்தான போறோம்."

"வண்டிய சர்வீஸ் விடணும்மா."

"பஸ் போகுது. பாத்துட்டேன்."

வக்கீலிடம் யார் வாதாடி ஜெயிக்க முடியும்? கடைசியில் அவர், "இந்த வருஷம் வேணாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் சமையலறை ஓடுகளுக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனிதரை நான் கண்டதில்லை. அக்கா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. "பீரோவ பூட்டிட்டாரு, சாவி அவர்கிட்டதான்" என்றேன், கஞ்சத்தனத்தைக் குத்திக் காட்டுவதாக நினைத்து. அவர் சிரித்தார். தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பாதியில் எழுந்துகொண்டிருந்தார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார்.

வக்கீல் மட்டும் அதற்குப் பிறகு வாதாடவில்லை. ஒரு நாள் மேலே என் வீட்டுக்கு வந்து சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

"சித்தி, அப்பாவுக்கு எங்ககூட வரவே பிடிக்கல போல."

"சேச்சே, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தினமும் யார் யாரையோ காருல கூட்டிட்டுப் போறாரு. எங்கள கூட்டிட்டுப் போகச் சொன்னா மட்டும் காரணம் சொல்றாரு."

எனக்கு அத்தான்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாமேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை அது. இப்படி ஒன்று அதன் மனதில் விழுந்துவிட்டால் பிறகு யாராலும் எடுக்க முடியாது என்று பயமாகவும் இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு. அவர் வராவிட்டால் போகிறது, நாம் மூவரும் போவோம் என்று அக்காவைக் கிளப்பிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, தீம் பார்க்கின் டிக்கெட் பக்கத்தில், எந்த முன்பதிவுக்கும் போடுவதுபோல் அத்தானின் போன் நம்பரைப் போட்டாள். திரையில் "மீண்டும் வருக" என்று வந்தது. அதன் கீழே, "உங்கள் கடைசி வருகை: நவம்பர் 4. பெரியவர்: 1."

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். "நாலாம் தேதி என்ன கிழமை?"

"செவ்வாய்" என்றேன். "நல்லா இருக்கே கதை. நமக்குக் கூட்டம், மழை. தொரை மட்டும் தனியா போய் ஆடிட்டு வந்திருக்காரு."

வக்கீல் எழுந்து வந்து அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். அந்த நேரம் பார்த்து அத்தான் காலை வகுப்பை முடித்துவிட்டு உள்ளே வந்தார். கை கழுவிக்கொண்டே எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். ஈரக் கையைத் துடைக்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"போனேன்" என்றார். "அங்க வாசல்ல ஒரு சீட்டு வெச்சிருக்காங்க. ரோலர் கோஸ்டர்ல இருக்கிற அதே சீட்டு. பெரிய ஆளுங்க முன்னாடியே உக்காந்து பாத்துக்கறதுக்கு."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"என்கிட்ட படிக்கிற பையன் ஒருத்தன் சொன்னான். அவங்க அண்ணன் ஏறி உக்காந்துட்டாராம், கம்பி மாட்டலயாம். எல்லாரும் பாக்க இறக்கி விட்டுட்டாங்களாம், பக்கத்துல அவரு புள்ளயும் இருந்துச்சாம். நமக்கு அப்படி ஆயிடக் கூடாதுன்னு முன்னாடியே பாத்துட்டு வரலாம்னு போனேன். தோளுக்கு மேல இருந்து கம்பி இறங்கும். சரியா மாட்டினா பச்சை லைட் எரியும்."

"எரிஞ்சுதா?" என்று கேட்டாள் வக்கீல்.

"சிவப்பு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து இடைவெளியைக் காட்டினார். "இவ்வளவுதான். ஊழியர் நல்லவரு. மூச்ச உள்ள இழுங்க சார்னு மெதுவாத்தான் சொன்னாரு. மூணு தடவ அழுத்திப் பாத்தாரு. ஒரு மாசத்துல கொறச்சிடலாம்னு பாத்தேன். நடந்தேன், சாப்பாட்டக் கொறச்சேன். ரெண்டு கிலோதான் கொறஞ்சுது. அதான் வேணாம்னு சொன்னேன்."

வக்கீல் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்போ உங்களுக்கு எங்ககூட வர ஆசைதானா?"

"ஆசை இல்லாமலா லீவு போட்டுட்டுப் போய் அந்தச் சீட்டுல உக்காந்தேன்?"

விசாரணை முடியவில்லை.

"அங்க நிறையப் பேர் இருந்தாங்களா?"

"ஒரு இருபது பேர் இருக்கும்."

"யாராவது சிரிச்சாங்களா?"

"ரெண்டு மூணு பேர்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் சிரிச்சேன்."

"ஏன்?"

நடைபாதையில் கார் ஏறினால் எந்தக் குரலில் பேசுவாரோ அதே குரலில்தான் பதில் சொன்னார். "பழக்கம்டா. நாமளும் சேர்ந்து சிரிச்சிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்."

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னை நினைத்துச் சொல்லவும் இல்லை, அது எனக்குத் தெரியும். குத்திக் காட்டத் தெரிந்த மனிதர் இல்லை அவர். அதுதான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக என் பேச்சை ரசிக்கிறார் என்று நினைத்திருந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார். முகமெல்லாம் சூடாகி, எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குள் போனேன்.

திரும்பி வந்தபோது வக்கீல் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். அக்கா அவர் கையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள், அது எப்போதோ காய்ந்துவிட்ட பிறகும்.

"அக்கா, நாலு பேருக்கு டிக்கெட் போடு" என்றேன். "ரோலர் கோஸ்டர்ல இவகூட நான் ஏறுறேன்."

அத்தான் பதறிப்போனார். அத்தனையும் என்னைப் பற்றிய கவலைதான். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? உனக்கு இதெல்லாம் ஆகாது. கத்துவ, வாந்தி எடுப்ப, வரிசைல நிக்கிறவங்க எல்லாரும் உன்னையப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் அத்தான்" என்றேன்.